நாவல்சோலை ஓர் ஊரின் பெயர்

நாவல்சோலை பேக்கரி,
நாவல்சோலைச் சந்தி,
தெமோதரை வழி, பதுளை.
7.3.1976

டாக்டர் ஜெயராசா தம்பிக்கு மொஹிதீன் நானா எழுதுவது.

உங்கள் சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள். பதுளைக் கடைவீதியில் உங்கள் அப்பாவின் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். நீங்கள் லிவர்பூலில் வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னார். சந்தோஷம். இங்கே எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஸ்ட்ராத்பெல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் காய்ச்சல் பரவி, மூட்டெல்லாம் வீங்கி, சனம் எழும்ப முடியாமல் கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டிகளோடு வந்தீர்கள். தோட்டத்துப் பங்களாவில் உங்களுக்கு ஒரு கட்டில்கூடத் தரவில்லை. தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நாலைந்து கடைகளும் ஒரு தபால் கந்தோரும் உள்ள எங்கள் சந்திக்கு இறங்கி வந்தீர்கள். என் பேக்கரியின் மாடியைத் திறந்துவிட்டேன். கீழே பாண் சுடும் போறணையின் சூட்டில் ஐஸ் உருகுகிறது என்று முறைப்பட்டீர்கள். உங்களுக்காகப் பாண் சுடும் நேரத்தையே மாற்றினேன்.

அந்த மாடியில் இருந்துதான் கிருமியைப் பிடித்தீர்கள். நுளம்பு கடித்து வருகிறது என்று கண்டுபிடித்தீர்கள். தண்ணீர் தேங்கும் கான்களில் மருந்து அடித்தார்கள், காய்ச்சல் நின்றது. நல்ல காரியம். அதை நான் எங்கும் மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் அந்தக் கிருமிக்கு 'நாவல்சோலை வைரஸ்' என்று பெயர் வைத்தீர்களே, அது யாரைக் கேட்டு?

போன வருஷக் கடைசியில் ஒரு பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. 'நாவல்சோலைக் காய்ச்சல்: பதுளை மைந்தனின் ஆய்வை உலகம் போற்றுகிறது' என்று கொட்டை எழுத்து. பிறகு பஸ் நிலையத்திலும் ஸ்டேஷன்களிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய நுளம்பு ஒன்றின் படம், அதன் காலடியில் எங்கள் ஊரின் பெயர். அன்று பிடித்தது சனி. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "நாவல்சோலை ஆக்கள் எல்லாம் பின்னுக்குப் போங்க. தும்மல் வந்தா எறங்கித் தும்மிட்டு ஏறுங்க!" என்கிறான். பஸ் முழுக்கச் சிரிக்கிறது. லயத்துக் கனகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கையை நீட்டி முதல் முதல் இரத்தம் தந்த பெண். காலில் புண் என்று ஒரு டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறாள். எந்த ஊர் என்று கேட்டு, சொன்னதும், வெளி விறாந்தையில் உட்கார வைத்துவிட்டார்கள். மழை பெய்தது. மற்றவர்கள் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்கள்.

இவற்றை எல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மகள் ஹம்ஸியாவுக்குப் பண்டாரவளை ஜுனைதீன் ஹாஜியாரின் மகன் ஸரூக்கைப் பேசி முடித்திருந்தோம். நோன்புக்கு முன்னால் நிக்காஹ் என்று ஏற்பாடு. போன வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி, "கொஞ்சம் பொறுப்போம்" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். வந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஊர்ல ஏதோ காய்ச்சலாமே" என்றான்.

எங்கள் சந்தியில் ஒரு ஆளுக்கு அந்தக் காய்ச்சல் வந்ததா, தம்பி? நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். வைத்த கைக்கு எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

மு. கா. மொஹிதீன்

*

லிவர்பூல்
29.3.1976

அன்புள்ள மொஹிதீன் நானாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். ஹம்ஸியாவின் விஷயம் மிகவும் வருத்தமாக இருக்கிறது. நான் மாடிப்படியில் பார்த்த ஹம்ஸியா இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். அவளுக்குக் கல்யாண வயது என்பதை நம்பவே முடியவில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய வைரஸ் ஒன்று எந்த இடத்தில் முதலில் அகப்படுகிறதோ, அந்த இடத்தின் பெயரையே அதற்கு இடுவார்கள். ஆப்பிரிக்காவில் ஆறுகளின் பெயரும் காடுகளின் பெயரும் அப்படித்தான் வைரஸ்களுக்கு வந்தன. அதில் இழிவு எதுவும் இல்லை. ஊரைக் குற்றம் சொல்வதும் இல்லை. இடத்தை அடையாளம் காட்டுவது மட்டும்தான்.

எடுத்துவிடுங்கள் என்கிறீர்கள். அது முடிகிற காரியமாக இருந்தால் செய்திருப்பேன். என் கட்டுரை எழுபத்தொன்றில் வெளிவந்தது. அதன் பிறகு அந்தப் பெயரை உலகம் முழுவதும் எடுத்து எழுதியிருக்கிறார்கள். இங்கே வருடா வருடம் ஒரு தடித்த புத்தகம் வெளியாகிறது. ஒரு ஆராய்ச்சியாளனின் கட்டுரையை வேறு யார் யார் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள் என்பதை அதில் பார்க்கலாம். என் கட்டுரையை இதுவரை அறுபத்து மூன்று பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என்னுடைய மற்றக் கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் கால்வாசி வராது. வரும் செப்டம்பரில் ரீடர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். பேராசிரியருக்கு ஒரு படி கீழே உள்ள பதவி அது. குழுவினர் முதலில் புரட்டப் போவது அந்தத் தடித்த புத்தகத்தைத்தான். பெயரை இப்போது மாற்றினால், பழைய பெயரில் தேடுகிறவர்களுக்குப் புதியது தெரியாது. புதியதைத் தேடுகிறவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது.

இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். ஹாஜியாரிடம் காட்டுவதற்கு அதை ஒரு சான்றிதழாக எழுதி, எங்கள் ஆய்வு நிலையத்தின் முத்திரையோடு இணைத்திருக்கிறேன்.

ஒன்றைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கட்டுரையின் பிரதியை உங்களுக்கு அனுப்பியபோது, முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு பேக்கரியில் மாட்டியிருப்பதாக நீங்களே எழுதினீர்கள். பாண் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் 'எங்கள் ஊர் இங்கிலாந்துப் புத்தகத்தில் வந்திருக்கிறது' என்று வாசித்துக் காட்டுவதாகவும் எழுதினீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஜெயராசா

*

நாவல்சோலை
20.4.1976

டாக்டர் தம்பிக்கு,

கண்ணாடி போட்டேன். மாட்டினேன். ஒருவன் மாலை என்று சொல்லிக் கழுத்தில் போட்டால் தலையைக் குனிந்து வாங்குவேன். பிறகு அதில் முள் குத்தினால் போட்டவனைத்தான் கேட்பேன். வாங்கிக்கொண்டது என் குற்றம் என்று நிரூபிக்கக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நல்லது, பூட்டியே வையுங்கள்.

சான்றிதழைக் கொண்டுபோனேன். ஜுனைதீன் ஹாஜியார் துணிக்கடையில் கல்லாவில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைத் தடவிப் பார்த்தார். மகன் ஸரூக்தான் வாசித்து அர்த்தம் சொன்னான். எல்லாம் கேட்டுவிட்டு ஹாஜியார் கேட்டார்: "நானா, தொத்தாத காய்ச்சல்னா சரி. ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னா, ஊரு பேர ஏன் அதுக்கு வெச்சீக்கி?"

நான் என்ன சொல்ல? நீங்கள் சொல்லுங்கள். வழக்கம் என்றா?

மேற்கோள் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறீர்கள். ஒருவன் சொன்னதை இன்னொருவன் எடுத்துச் சொல்வது. உங்களுக்கு அது பெருமை. அறுபத்து மூன்று என்று எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறது, தாளின் பின்பக்கத்தில் தெரிகிறது. எனக்கு அது என்ன தெரியுமா? எங்கள் ஊரைக் கண்ணாலும் காணாத அறுபத்து மூன்று பேர், எங்கள் ஊர் என்றால் காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்று கூடும்போது எங்களுக்கு ஒன்று கூடுகிறது. உங்களுக்கு அதற்குப் பதவி தருகிறார்கள். எங்களை விறாந்தையில் உட்கார வைக்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவன். இங்கிலீஷ், சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் படித்தது. இருந்தாலும் உங்கள் கட்டுரையைக் கண்ணாடிக்குள் இருந்து கழற்றி, அகராதியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். முன்னே முதல் பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தேன். 'தொற்றாது' என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் முதல் வரியில் இருக்கிறது.

நடுவில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறீர்கள். ரயில் பாதை இருக்கிறது. தெமோதரை ஸ்டேஷன் இருக்கிறது. ஓடை இருக்கிறது. எங்கள் சந்தியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. ஊரிலேயே பெரிய கட்டடம் தேயிலை ஃபக்டரி, அது இல்லை. லயங்கள் இல்லை. ஸ்ட்ராத்பெல் என்ற பெயர் தலையிலும் இல்லை, காலிலும் இல்லை. நீங்கள் இரத்தம் எடுத்த அத்தனை பேரும் ஸ்ட்ராத்பெல் லயத்து ஆட்கள். தினம் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது நீங்கள் ஊசியோடு போய் நின்றதை நான் கண்டேன். அப்படியிருக்க அந்தத் தோட்டம் எங்கே போயிற்று?

கனகத்திடம் ஊர் கேட்டால் நாவல்சோலை என்பாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்ட்ராத்பெல் என்று அவர்கள் வாயில் வராது, வரவேண்டிய தேவையும் இருந்ததில்லை. அந்தப் பெயர் தேயிலைப் பெட்டியில் கறுப்பு மையில் குத்துவதற்கு உள்ளது. ஆட்கள் நாவல்சோலை, தேயிலை ஸ்ட்ராத்பெல். உங்கள் கிருமி தேயிலைப் பக்கம் போகாமல் ஆட்கள் பக்கம் மட்டும் வந்தது எப்படி?

பதில் வேண்டும். சான்றிதழ் வேண்டாம்.

மொஹிதீன்

*

லிவர்பூல்
16.5.1976

மொஹிதீன் நானா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் வரைபடத்தை அவ்வளவு உற்றுப் பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அறுபத்து மூன்று பேரில் ஒருவரும் கேட்டதில்லை.

தோட்டத்துத் துரை சொன்ன நிபந்தனை அது. நான் வந்த இரண்டாம் நாள் பங்களாவுக்குக் கூப்பிட்டு, வாசலில் நிற்க வைத்தே பேசினார். 'லயத்துக்குள் போகலாம், இரத்தம் எடுக்கலாம். தோட்டத்தின் பெயர் எந்தத் தாளிலும் வரக்கூடாது. லண்டன் ஏலத்தில் ஸ்ட்ராத்பெல் என்றால் ஒரு மதிப்பு இருக்கிறது, காய்ச்சல் என்று ஒரு வரி வந்தால் பெட்டியைத் தொட மாட்டார்கள். சம்மதமில்லை என்றால் அடுத்த ரயிலில் ஏறலாம்' என்றார். நான் ரயிலில் ஏறியிருக்க வேண்டுமா, நானா? அந்த வாரம் மேட்டு லயத்தில் இரண்டு பிரேதம் தூக்கியதை நீங்களும் பார்த்தீர்கள். இரத்தம் இல்லாமல் கிருமி இல்லை. கிருமி தெரியாமல் கானுக்கு மருந்து அடித்திருக்க மாட்டார்கள். நான் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன்.

கட்டுரைக்கு ஏதாவது ஒரு இடத்தின் பெயர் வேண்டியிருந்தது. உங்கள் மாடியில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே உங்கள் பலகை தொங்கியது. நாவல்சோலை பேக்கரி. அழகான பெயராகத் தெரிந்தது. எழுதிவிட்டேன். இதுதான் நடந்தது.

இப்போது அதை வெளியே சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? மேற்கோள் குறைவது பெரிதல்ல. மாதிரி எடுத்த இடத்தை மாற்றிக் காட்டினான் என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு குற்றம் இல்லை. ஒரு இடத்தை மறைத்தவன் வேறு எதை மறைத்தானோ என்று எல்லாக் கட்டுரைகளையும் தூக்கிப் போடுவார்கள்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் இங்கே மாலையும் கழுத்துமாக இல்லை. நாலு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். என் பெயரைச் சொல்ல முடியாமல் 'ஜெய்' என்கிறார்கள், சிலர் அதுவும் சொல்வதில்லை. என்னை விடக் கீழே இருந்த இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் வெளியூர்க் கூட்டங்களில், 'நாவல்சோலை கட்டுரை எழுதியவர் இவர்தான்' என்றால் எழுந்து கை கொடுக்கிறார்கள். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், நானா. அதைக் கேட்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஹாஜியாருக்கு நானே எழுதுகிறேன். வேண்டுமானால் அப்பாவை நேரில் போய்ப் பேசச் சொல்கிறேன்.

ஜெயராசா

*

நாவல்சோலை
8.6.1976

டாக்டர் தம்பிக்கு,

உங்கள் அப்பா வந்து பேச வேண்டாம். அவர் பாத்திரக் கடையைப் பார்க்கட்டும்.

போன அக்டோபரில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது. கம்பெனி போய்விட்டது. உங்கள் துரை தன் நாயையும் பியானோவையும் ஏற்றிக்கொண்டு கப்பலேறிவிட்டார். பங்களாவில் இப்போது வேறு ஆள். நீங்கள் இன்னும் அந்த வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டில் தராத மனிதனுக்குக் கொடுத்த வாக்கை இவ்வளவு காலம் காப்பாற்றுகிறீர்களே, மாடியைத் தந்தவனுக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள்?

இரத்தம் எடுத்தது சரி. நான் அதில் ஒரு சொல் சொல்லவில்லை. நிபந்தனைக்குச் சம்மதித்ததைக்கூட விடுகிறேன். ஸ்ட்ராத்பெல் என்று போடக்கூடாது என்றுதானே துரை சொன்னார்? நாவல்சோலை என்று போடு என்றா சொன்னார்? 'பதுளைக்கு அருகே ஒரு தோட்டம்' என்று எழுதக் கை வரவில்லையா? கிருமிக்கு ஒரு நம்பர் போட்டிருக்க முடியாதா? அழகான பெயராகத் தெரிந்ததாம்! அழகாக இருந்தால் நாசம் செய்துவிடுவதா?

உங்கள் கடிதத்தைக் கனகத்திடம் சொன்னேன். அவளுக்கும் இதில் பாத்தியதை இருக்கிறது என்பதால் சொன்னேன். கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு பேக்கரிக்கு வந்தாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"தேயில விக்காதுன்னா பயந்தாங்க?" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"தேயிலைக்குக் காய்ச்சல் வராதுங்களே. வந்திருந்தா மொதல்ல தொட்ட எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "மொதலாளி, அந்தத் தோட்டத்துப் பேரப் போட்டு, தேயில விக்காம, வேல நாளக் கொறச்சாங்கன்னா எங்க அடுப்புதான் அணையும். அதையும் யோசிக்கணுங்க. ஆனா எங்க புருசன் செத்தது அந்த லயத்துல. சாவுத் துண்டு எழுதுனப்ப நாவல்சோலைன்னு எழுதிட்டாங்களாம். செத்த எடத்தையும் மாத்திட்டா, அவரு எங்கதான் இருந்தாருங்கறேன்?"

இரண்டு இனிப்புப் பணிஸைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். "காய்ச்சல் பணிஸா மொதலாளி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு இன்னும் சிரிக்க முடிகிறது. எனக்கு முடியவில்லை.

அதனால் என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். எங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தோட்டத்தின் பெயரைக் கிருமிக்கு வைக்கச் சொல்லவில்லை. எங்கள் தலையில் உள்ளதை இன்னொருவர் தலைக்கு மாற்றுகிற ஆள் நான் இல்லை. எழுத வேண்டியது இது: இரத்தம் எங்கே எடுத்தது, மறைக்கச் சொன்னது யார், மறைத்தது யார், எந்த ஊரை எதற்காகப் போட்டது. முதலில் எந்தப் புத்தகத்தில் எழுதினீர்களோ அதே புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு கிருமிக்கு எந்த ஊரின் பெயரும் வேண்டாம். நம்பர் போதும்.

பதவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நானும் மனிதன்தான், படித்தபோது மனது கஷ்டப்பட்டது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது.

மொஹிதீன்

*

லிவர்பூல்
4.7.1976

அன்புள்ள நானா,

சுருக்கமாகவே எழுதுகிறேன். நீங்கள் கேட்பது நியாயம். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிறேன். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு. குழு கூடி முடிந்ததும், எந்த முடிவானாலும், அடுத்த நாளே எழுதி அனுப்புவேன். ஐந்து வருடம் பொறுத்தது இன்னும் மூன்று மாதம் பொறுக்கக் கூடாதா? மூன்று மாதத்தில் உங்களுக்குப் புதிதாக எதுவும் கெட்டுவிடாது. எனக்கு எல்லாமே கெட்டுவிடும்.

கனகத்தின் கணவருடைய துண்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. உண்மையாகவே தெரியாது.

ஜெயராசா

*

நாவல்சோலை
25.7.1976

டாக்டர் ஜெயராசாவுக்கு,

மூன்று மாதத்தில் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்று எழுதினீர்கள். உங்கள் கடிதம் வந்த வாரமே கெட்டது. எப்படி என்று எழுதுகிறேன். இதன் பிறகு எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜுனைதீன் ஹாஜியார் மகனையும் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். எங்கள் சந்திக்குக் கார் வந்து எத்தனையோ நாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். என் மனைவி ரஹ்மத்தும்மா அவசர அவசரமாக வட்டிலப்பம் வைத்தாள். ஹாஜியார் முகம் தெளிவாக இருந்தது.

"நானா, நாங்க யோசிச்சிப் பாத்தோம். பேசின பேச்சு பேச்சுத்தான். நோம்புக்கு முந்தியே வெச்சிக்குவோம்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். உள்ளே ரஹ்மத்தும்மா அழுகிற சத்தம் கேட்டது.

ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கல்யாணக் கார்டுக்கு அவரே வாசகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "அச்சுக்குக் குடுக்கணும். ஒரு சின்ன விஷயம் மட்டும். பொண்ணு வீட்டு ஊரு, பதுளைன்னு போட்டுக்குவோம். இதுவும் பதுளைதானே? கார்டு கொழும்புக்கெல்லாம் போகுது. பாக்குறவன் ஒவ்வொருத்தனுக்கும் வெளக்கம் சொல்லிக்கிட்டிருக்க ஏலாது."

தாளைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. என் மகள் பெயர் இருந்தது. ஊர் இருந்த இடத்தில் பதுளை இருந்தது.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். ஒரு சொல். சொன்னால் மகள் வாழ்வாள். பதுளை எங்கள் மாவட்டம்தானே, பொய்யும் இல்லை. அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து ஹம்ஸியா பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வாப்பா, மாமாக்கிட்டக் கேளுங்க. நாளைக்கி நான் உம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னா, எந்த ஊருக்குன்னு சொல்லணும்?"

ஹாஜியார் சிரிக்கப் பார்த்தார். "அது வீட்டுக்குள்ள சொல்ற கத மகள். இது கார்டு."

"அப்ப கார்டுல இருக்கிற பொண்ண முடிச்சிக்கச் சொல்லுங்க. நான் நாவல்சோலைப் பொண்ணு."

ஸரூக் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று நான் காத்திருந்தேன். ஹாஜியார் என்னைப் பார்த்தார். "என்ன நானா, புள்ளைய இப்படியா வளத்தீக்கி?" என்றார். "ஆமா ஹாஜியார், இப்படித்தான்" என்றேன். தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். வட்டிலப்பத்தில் கரண்டி படவில்லை. கார் போய்விட்டது. கடைக்காரர்களும் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

ஹம்ஸியா அன்று பின்னேரம் போறணை வரைக்கும் வந்து, மாவுப் பலகையைத் துடைத்துக்கொண்டே, "நான் சொன்னது கூடிப் போச்சா வாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் திரும்பிப் போன பிறகு, அவள் துடைத்த பலகையை நான் இன்னொரு முறை துடைத்தேன்.

உங்களுக்கு இதை எழுதுவது உங்களை வெட்கப்பட வைக்கத்தான். வேறு காரணம் சொல்லி மழுப்ப மாட்டேன். துரை ஒரு பெயரை மறைக்கச் சொன்னார், படித்த நீங்கள் மறைத்தீர்கள். ஹாஜியார் ஒரு பெயரை மறைக்கச் சொன்னார், ஒரு பேக்கரிக்காரன் மகள் மாட்டேன் என்றாள். இழப்பதற்கு உங்களிடம் பதவி இருக்கிறது. அவளிடம் இருந்ததை அவள் இழந்துவிட்டாள். செப்டம்பர் வரை நீங்கள் பொறுக்கலாம்.

மொஹிதீன்

*

லிவர்பூல்
30.8.1976

நானா,

இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். நான் எழுதுகிறேன், படித்தால் போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரமும் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். பிறகு ஒரு குறிப்பு எழுதி அந்தச் சஞ்சிகைக்கே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், நவம்பர் இதழில் வரும். தமிழில் அது இப்படி இருக்கும்:

'1971இல் வெளியான என் கட்டுரைக்கு ஒரு திருத்தம். அதில் நாவல்சோலை வைரஸ் என்று நான் குறிப்பிட்டது, இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள ஸ்ட்ராத்பெல் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வசித்தவர்களின் இரத்தத்தில் கண்டெடுக்கப்பட்டது. நாவல்சோலை என்ற ஊரில் எவருக்கும் இந்நோய் காணப்படவில்லை. தோட்டத்தின் பெயரை வெளியிடலாகாது என்பது அன்றைய நிர்வாகத்தின் நிபந்தனை. நான் அதற்கு இணங்கியதுடன், வரைபடத்திலிருந்தும் தோட்டத்தை நீக்கி, தொடர்பற்ற ஓர் ஊரின் பெயரை இட்டேன். அவ்வூர் மக்களுக்கு இதனால் தீங்கு நேர்ந்துள்ளது. இனி இதனை மாதிரி எண்ணால் மட்டுமே குறிப்பேன். பிறரும் அவ்வாறே செய்யுமாறு வேண்டுகிறேன். இதைச் சுட்டிக்காட்டிய நாவல்சோலை திரு. மொஹிதீனுக்கு நன்றி.'

எங்கள் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பதவிக்கான விண்ணப்பத்தை நானாகவே திரும்பப் பெற்றுக்கொண்டால் நல்லது என்றார். பெற்றுக்கொண்டேன். வேலை போகவில்லை. கட்டடத்தின் கீழ்த் தளத்தில் வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதனால் உலகம் அந்தப் பெயரை விட்டுவிடும் என்று என்னால் உறுதி கூற முடியாது. சிலர் விடுவார்கள். சிலர் பழக்கத்தில் எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். பஸ் நிலைய நோட்டீஸைப் பற்றிப் பதுளைச் சுகாதாரக் கந்தோருக்கு எழுதியிருக்கிறேன். பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன்.

ஹம்ஸியாவிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம். நான் எழுதியதை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

ஜெயராசா

*

நாவல்சோலை
19.9.1976

டாக்டர் தம்பிக்கு,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். உங்கள் குறிப்பில் பிழை இருப்பதால் எழுத வேண்டியதாகிவிட்டது. நவம்பர் இதழ்தான் என்றால் திருத்த இன்னும் நேரம் இருக்கும்.

ஹம்ஸியாவுக்கும் கனகத்துக்கும் வாசித்துக் காட்டினேன். ஹம்ஸியா முழுவதும் கேட்டுவிட்டு, "சரி" என்றாள். பண்டாரவளையில் இருந்து அந்தப் பையன் ஸரூக் அவளுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறான். தகப்பனுக்குத் தெரியாமல் போட்டிருப்பான். அவள் அதை இன்னும் உடைக்கவில்லை. உடைப்பதும் உடைக்காததும் அவள் விருப்பம், நான் கேட்கவில்லை. கனகம் தன் புருசன் செத்த லயத்தை எழுதினீர்களா என்று கேட்டாள். லயங்கள் என்று பொதுவாக எழுதியிருக்கிறார் என்றேன். "அது போதாதுங்க" என்றாள். எனக்கும் போதாது. மேட்டு லயம் என்று போடுங்கள்.

அடுத்தது, 'நிர்வாகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பங்களா வாசலில் உங்களை நிற்க வைத்துப் பேசியது நிர்வாகமா? அதற்கு மீசை இருந்தது, தொப்பி இருந்தது. தோட்டத் துரை என்று எழுதுங்கள். ஆள் செய்ததை ஆள் செய்ததாகச் சொல்ல வேண்டும்.

உங்களைக் கீழ்த் தளத்துக்கு மாற்றியது அநியாயம். உண்மையைச் சொன்னவனைக் கீழே இறக்குகிற கட்டடம் என்ன கட்டடம்? அந்தத் தலைவரின் விலாசத்தை அனுப்புங்கள். என் இங்கிலீஷ் போதும், அவருக்கு நானே எழுதுகிறேன். வேண்டாம் என்று தடுக்காதீர்கள்.

இனி, கடைசி வரி. அதில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். மரியாதைக்காகப் போட்டேன் என்பீர்கள், தெரியும். நாளைக்கு அந்தக் குறிப்பை நாலு பேர் எடுத்து எழுதுவார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் நாற்பது பேர் எழுதுவார்கள். என் பெயர் எங்கெங்கே போகும், அங்கே அதை வைத்து என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவ்வளவு நடந்த பிறகும் பேனாவைத் திறந்தீர்கள், எழுதினீர்கள், அச்சுக்கு அனுப்பினீர்கள், அதன் பிறகு எனக்கு அறிவித்தீர்கள்.

போடட்டுமா நானா என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, தம்பி. இந்த முறையும் கேட்கவில்லை.

மு. கா. மொஹிதீன்